ஸ்டாக்கில் இல்லாத போர்டு

உங்கள் மேசைக்குக் கீழே இருக்கிற கம்ப்யூட்டரில் விசிறி இழுத்துக்கொண்டு சுற்றுகிறது, மேடம். பயப்பட ஒன்றும் இல்லை. திறந்து தூசி தட்டினால் சரியாகிவிடும். யாராவது வந்து மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு வாயைத் திறந்ததும் வருகிற முதல் பொய் அதுதான்.

கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கிச் சேர்த்து முழு மெஷினாகக் கட்டிக் கொடுப்பது என் தொழில். கடை சின்னதுதான், ஆனால் என்னிடம் வாங்கியவர்கள் வேறு கடைக்குப் போனதில்லை. எந்த மதர்போர்டு நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் உடனே பதில் சொல்லமாட்டேன். யாருக்கு, என்ன வேலைக்கு, தினம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். ஜனங்கள் ப்ராசஸரின் வேகத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தாங்குகிற போர்டை யாரும் கவனிப்பதில்லை. என் மனைவிக்குப் போர்டு தேர்ந்தெடுத்தபோதும் அதே கேள்விகளைத்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். யாருக்கு? அசையவும் முடியாத, பேசவும் முடியாத ஒருத்திக்கு. என்ன வேலைக்கு? பேசுவதற்கு. எவ்வளவு நேரம்? அவள் கண் விழித்திருக்கும் நேரம் முழுவதும்.

அவள் ஒரு கூரியர் ஆபீசில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். பார்சல் வரவில்லை என்று கத்துகிறவர்களை எல்லாம் பேசிப் பேசியே சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பதை அடிக்கடி சொல்வாள், தன்னைப் பற்றித்தான். ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து அப்படியே சரிந்தாள். மூளைத் தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். அதன் பிறகு கை கால் அசையவில்லை, நாக்கு அசையவில்லை. கண்ணை மேலேயும் கீழேயும் ஓட்டுவாள், இமைப்பாள், அவ்வளவுதான். ஆனால் புத்தி பழையபடி இருந்தது. காது கேட்டது. தொட்டால் தெரியும், சூடு தெரியும், கொசு கடித்தாலும் தெரியும். இதை டாக்டர் என்னிடம் தெளிவாகவே சொன்னார், சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வருவார். எழுத்துகள் எழுதிய ஒரு அட்டையில் விரலை ஓட்டிக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் என் மனைவி கண்ணை மேலே தூக்குவாள். அதையே கம்ப்யூட்டரில் செய்யலாம், கேமரா கண்ணைக் கவனிக்கும், எழுதி முடித்ததை மெஷினே சத்தமாகப் படிக்கும் என்று அந்த அம்மாதான் சொன்னார். சாதாரண மெஷின் போதும் என்றும் சொன்னார். அட்டையில் விரல் ஓட்டி அவளிடம் கேட்டேன். அவளும் 'சாதாரணம் போதும்' என்றுதான் எழுத்துக் கூட்டினாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை விளையாடுவதற்கே நல்ல போர்டு போட்டுக் கொடுக்கிறவன், சொந்தப் பெண்டாட்டியின் வாயாக இருக்கப் போவதற்கு மட்டமான போர்டு போடுவேனா?

நான் தேர்ந்தெடுத்தது வங்கிகளிலும் பெரிய ஆபீஸ்களிலும் நாள் முழுக்க அணையாமல் ஓடுகிற சர்வர்களுக்குப் போடுகிற போர்டு. அதன் ப்ராசஸர் தனி ரகம், ரேம் தனி ரகம். மொத்த வியாபாரி போனிலேயே சிரித்தார். "என்ன, வீட்லயே பேங்க் ஆரம்பிக்கப் போறீங்களா?" ஸ்டாக்கில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

அந்தப் போர்டை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதன் ஒரு மூலையில் தனியாக ஒரு சின்ன சிப் இருக்கிறது. மெஷின் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். எங்கே இருந்தாலும் கைப்பேசியிலிருந்து அதைக் கூப்பிட்டு மெஷினை அணைக்கலாம், மறுபடி போடலாம். திரையில் என்ன ஓடுகிறது என்பதையும் பார்க்கலாம். நான் கடையில் இருக்கும்போது வீட்டில் மெஷின் நின்றுவிட்டால் அவள் என்ன செய்வாள்? எழுந்து வந்து பட்டனையா அமுக்குவாள்? அதனால்தான். அன்றைக்கு என் மனதில் இருந்தது இது மட்டும்தான், சத்தியமாகச் சொல்கிறேன்.

மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கீழே வைத்தேன். திரையை அவள் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டேன். பகலில் கவனித்துக்கொள்ள வருகிற நர்ஸ், பயிற்சி கொடுக்கிற அம்மா, என் மனைவியின் அக்கா எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகிப் போயின. அவள் கண்ணைத் தூக்கித் தூக்கி எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு மெஷின் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரலில் பேசியது.

"முதல்ல அந்த மீசைய எடுங்க. மூணு மாசமா சொல்லணும்னு இருந்தேன்."

எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் அழுதேன். அன்றைக்கே மீசையை எடுத்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை என்பதை எங்கேயாவது எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு மாலை நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மெஷின் பேசியது. எனக்காகத் தயாராக எழுதி வைத்திருந்திருக்கிறாள்.

"என்னங்க, கோவப்படாதீங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இங்க பகல் பூரா கூரையப் பாத்துட்டுக் கிடக்கேன். அங்க ஆள் நடமாட்டம் இருக்கும்."

யோசிக்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். திரும்பத் திரும்பச் சொல்கிற வாக்கியங்களைச் சேமித்து வைக்க அந்த மெஷினில் வசதி உண்டு. 'தண்ணி வேணும்', 'வெளிச்சத்தக் கொறைங்க' என்கிற வரிசையில் 'அக்கா வீட்டுக்குப் போகணும்' என்பதையும் சேர்த்துவிட்டாள். ஒரு தடவை கண்ணைத் தூக்கினால் போதும், மெஷின் சொல்லிவிடும். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லும். விளக்கை அணைக்கப் போகும்போது சொல்லும். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை, ஒரே குரல்.

எனக்கு அனுப்ப மனசு வரவில்லை, மேடம். கட்டினவளை வைத்துப் பார்க்கத் துப்பில்லை என்று நாலு பேர் பேசுவார்கள் என்பது ஒரு பக்கம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் போய்விட்டால் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நான் எங்கே போவது? இதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு அவள் அளவுக்குப் பேச்சு வராது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷின் என்ன தொல்லை கொடுத்தாலும் முதலில் அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் போடுவோம். பாதி வியாதி அதிலேயே போய்விடும். ஒரு நாள் மெஷின் அந்த வாக்கியத்தை ஆரம்பித்தது. கைப்பேசி என் கையில்தான் இருந்தது. "அக்கா வீட்டு" வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "ஹேங் ஆயிடுச்சு போல" என்றேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து போட்டேன். அன்று முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பழக்கம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். ரொம்ப நாள் ஆகவில்லை. அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரு தடவை போட்டுவிட்டதும், "நீங்கதான் அணைக்கிறீங்க. எனக்குத் தெரியும்" என்றது மெஷின். மறுபடியும் அணைத்தேன். நான் கடையில் இருந்தபடியே அவள் திரையைப் பார்ப்பேன். எழுத்து எழுத்தாக வரும். நர்ஸிடம் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். என் பெயர் வருகிற மாதிரி இருந்தால் அணைத்துவிடுவேன். ஒரு வாக்கியம் எழுத அவளுக்கு அத்தனை நேரம் பிடிக்கும் என்பதால் எனக்கு அவசரமே இருக்காது. வாடிக்கையாளருக்கு பில் போட்டுக் கொடுத்துவிட்டுக்கூட அணைக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றே எனக்குத் தோன்றியது.

அவளுடைய அக்கா வாரம் ஒரு தடவை வருவார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி வரும் நாளெல்லாம் மெஷின் வேலை செய்யாது. ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் வரும்போது மட்டும் இது எப்படிக் கெட்டுப்போகுது?"

போர்டு போய்விட்டது என்று சொன்னேன். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, பொய் தானாகவே வந்துவிட்டது. வேறு ஒன்று வாங்கிப் போடுங்கள், பணம் நான் தருகிறேன் என்றார். அப்போதுதான் அந்த உயர்ந்த போர்டின் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது. சாதாரண போர்டாக இருந்தால் தெருமுனைக் கடையில் அன்றைக்கே கிடைத்திருக்கும். இது ஸ்டாக்கில் கிடையாது. இதன் ப்ராசஸரும் ரேமும் வேறு எதிலும் பொருந்தாது. மொத்த வியாபாரி வழியாகக் கம்பெனிக்கு வாரண்டியில் அனுப்ப வேண்டும், வர மாசக்கணக்கு ஆகும் என்றேன். சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அண்ணி தலையாட்டினார். தொழில் தெரிந்தவன் சொல்லும்போது யார் என்ன செய்ய முடியும்? அதுவரைக்கும் பழைய அட்டையை வைத்துப் பேசலாமே என்றார். அது கண்ணுக்கு ரொம்பச் சிரமம், டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அட்டை அலமாரி மேலே இருந்தது. பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம், மெஷின் சரியானதும் சொல்கிறேன், அப்போது வந்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அன்று நர்ஸையும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவர் அண்ணியிடம் போனில் பேசுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

வாரண்டிக்கு அனுப்பியதாகச் சொல்லிவிட்டு போர்டை மெஷினிலேயே வைத்திருக்க முடியாது. கழற்றி எடுத்தாக வேண்டும். கடையில் என்றால் மேசை இருக்கிறது. வீட்டில் குனிந்து வேலை செய்ய என் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மெஷினைத் தூக்கிக் கட்டிலின் விளிம்பில், அவளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு கழற்றினேன். அவள் மேல் படாமல்தான் செய்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

போர்டு நேரடியாகத் தகட்டில் உட்காராது, மேடம். கீழே சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் நிற்கும், அவற்றின் மேல்தான் போர்டைத் திருகுவோம். இறுக்கமாக இருந்தால் சில சமயம் திருகாணியோடு சேர்ந்து பித்தளைக் காலும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அன்றைக்கு ஒன்று அப்படி வந்தது. கையில் எடுத்தது நினைவிருக்கிறது, எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. போர்டைப் பெட்டியில் போடும்போது ஒன்று குறைந்தது. நான் தேடவில்லை. எங்கள் தொழிலில் யாரும் தேடமாட்டார்கள். கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது, ஒன்று தொலைந்தால் அதிலிருந்து எடுத்துப் போடுவோம். அதன் தலை ஆறு மூலையாக இருக்கும். கூர் என்று சொல்ல முடியாது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் பதியும்.

அதன் பிறகு வந்த நாட்களைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் அவளைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். கடைக்குத் தாமதமாகப் போனேன், சீக்கிரம் திரும்பினேன். குழாயில் கஞ்சி ஊற்றினேன். முகம், கை, கால், வயிறு எல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். முதுகுப் பக்கம் துடைக்க ஆளைப் புரட்ட வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். நர்ஸ் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பசிக்கிறதா என்று கேட்பேன். வெளிச்சம் போதுமா என்று கேட்பேன். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் இமைப்பாள். அதிலேயே எங்கள் குடும்பம் நன்றாக நடந்தது.

ஆனால் அவள் நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கீழேயே பார்க்க ஆரம்பித்தாள். என்னைப் பார்ப்பாள், பிறகு கண்ணைக் கீழே ஓட்டுவாள். மறுபடி என்னை, மறுபடி கீழே. மெஷின் இருந்த இடம் அதுதான். மெஷினைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிடிவாதக்காரி, பழைய பல்லவியை ஆரம்பிப்பதற்குத்தான் என்று நினைத்தேன். "போர்டு வரட்டும்மா, வரட்டும்" என்றேன், அவளிடமே. அவளுக்கு முன்னால்தான் கழற்றினேன், எதிலும் பழுதில்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் அப்படித்தான் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. நாள் முழுக்க அந்தப் பார்வை. என்னால் தாங்க முடியவில்லை. தலையணையைச் சரிசெய்து, தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

இடையில் அண்ணி ஒரு தடவை வந்தார். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"என்னடி பாப்பா, எங்கயாவது வலிக்குதா?"

நான் குறுக்கிட்டேன். இந்த நோயில் காரணமே இல்லாமல் அழுகை வரும், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அது உண்மை, டாக்டர் சொல்லியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள். அண்ணி என்னைப் பார்த்துத் திரும்பினார். அந்த நேரத்தில் அவள் கண்ணை மேலே தூக்கினாளா, இமைத்தாளா என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. அண்ணி அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன். அறையில் ஒரு வாடை இருந்தது, ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவள் கீழே பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். எங்கேயும் பார்க்கவில்லை. கடைசியில் சமாதானம் ஆகிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் மூச்சு வேறு மாதிரி இருந்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். ஆஸ்பத்திரியில் புரட்டிப் போட்டபோது ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். இடுப்பெலும்பு வரைக்கும் புண் இறங்கியிருந்தது என்றார்கள். விஷம் ரத்தத்தில் கலந்து, மறுநாள் போய்விட்டாள். புண்ணுக்குள்ளிருந்து எடுத்ததைத்தான் நீங்கள் அந்தப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், அது என் பித்தளைக் கால்தான். திருகாணி இன்னும் அதிலேயே இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு அண்ணி மொத்த வியாபாரிக்குப் போன் செய்திருக்கிறார். வாரண்டிக்கு அப்படி ஒரு போர்டு வரவே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணி மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். நேற்று இந்த ஸ்டேஷன் வராண்டாவில் என்னைப் பார்த்தபோது அவர் திட்டவில்லை, அடிக்கவும் வரவில்லை. "ஒரு வார்த்த சொல்ல விட்டிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். போர்டில் எந்தப் பழுதும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. என் கடை அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது, மாட்டினால் இப்போதே ஓடும். ஒவ்வொரு தடவையும் அணைத்தது நான். கழற்றியது நான். அட்டையை எடுத்து மேலே வைத்தது, நர்ஸை நிறுத்தியது, முகத்தைச் சுவருக்குத் திருப்பியது எல்லாம் நான்தான். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை. எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும். அவள் பல நாள் கடுமையான வலியில் கிடந்திருக்கிறாள் என்று டாக்டர் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த டாக்டருக்கு அவளை ஒரு நாள்தான் தெரியும், எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். எதையும் மனதில் பூட்டி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவள். வலித்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள்.